புத்தகப் பையா, பட்டறையா, வாட்ஸ்அப்பா, வீட்டுக்கே போவதா? கிரேடு ஆர் ஆசிரியைகளுக்கு ஓர் ஒப்பீடு

போன டெர்ம் முடிகிற நேரத்தில், தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கிரேடு ஆர் எடுக்கும் ஓர் இளம் ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார். “அக்கா, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு ஏதாவது செய்யுங்கள் என்று பிரின்சிபல் சொல்லிவிட்டார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் தருவாராம், வருஷத்துக்கு இரண்டாயிரம் ரேண்ட். ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டால் போதாதா?”

போதாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பத்து வருஷத்துக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். அப்புறம் சனிக்கிழமைப் பட்டறை வைத்துப் பார்த்தேன், வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன், கடைசியில் புத்தகப் பைக்கு வந்து சேர்ந்தேன். நாலிலும் கையைச் சுட்டுக்கொண்டவள். இதே கேள்வி பீனிக்ஸிலிருந்தும் மெரிபேங்கிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் வந்துகொண்டே இருப்பதால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்கு: கிரேடு ஆர் என்பது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருடம். தமிழ்நாட்டில் யுகேஜி இருக்கும் இடம். 2024 செப்டம்பரில் கையெழுத்தான கல்விச் சட்டத் திருத்தம் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. இதுவரை பிள்ளையை ஆறு வயது வரை வீட்டிலேயே வைத்துக்கொண்ட குடும்பங்களும் இனி நம் வகுப்புக்கு வரும். பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதிக்காத அம்மாக்களும் ஆயாக்களும் (எங்கள் ஊரில் ஆயா என்றால் பாட்டி) அவர்களோடு வருவார்கள்.

பாடத்திட்டப்படி கிரேடு ஆர் பிள்ளைக்கு வாரம் 23 மணி நேரம் வகுப்பு. மொழிக்கு 10, கணக்குக்கு 7, வாழ்க்கைத் திறனுக்கு 6. பிள்ளை நாளுக்குப் பதினொரு மணி நேரம் தூங்குகிறது என்று வைத்தாலும் வாரத்தில் 91 மணி நேரம் விழித்திருக்கிறது. அதில் நம் கையில் இருப்பது கால் பங்கு. மீதி 68 மணி நேரத்தில் பிள்ளையோடு யாராவது பேசுகிறார்களா, பேசினால் “செருப்பைப் போடு, வாயை மூடு” என்பதைத் தாண்டி ஏதாவது உண்டா என்பதில்தான் மொழி வளர்வது இருக்கிறது. 2021-இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் இந்த நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் படித்ததைப் பொருள் புரிந்து சொல்லும் நிலையை எட்டவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தும் சொல்லின் பொருள் தெரியாமல் நிற்கிற பிள்ளைகளை நான்காம் வகுப்பு ஆசிரியைகள் தினமும் பார்க்கிறார்கள். அந்தச் சொற்கள் காதில் விழ வேண்டிய வயது நம்மிடம் இருக்கும் வயது.

## எதை வைத்து அளப்பது

நாலு வழிகளையும் ஐந்து கேள்விகளால் அளந்தேன். முதல் கேள்விக்குத்தான் என் தராசில் எடை அதிகம்.

யார் கைக்குப் போய்ச் சேர்கிறது? “பெற்றோர்” என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். வருஷத்தின் முதல் வாரம் வகுப்பில் எல்லார் வீட்டுக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுத்தனுப்பினேன். ஒரே கேள்வி: பள்ளி விட்டதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை பிள்ளை யாரோடு இருக்கிறது? பாதிக்கும் மேற்பட்ட தாள்களில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆயா, தாத்தா, பெரியம்மா, பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேர் ஆண்ட்டி, பன்னிரண்டு வயது அக்கா. ஓர் அம்மா “டிரான்ஸ்போர்ட் அங்கிள்” என்று எழுதியிருந்தார். விளையாட்டுக்கு எழுதியதாக நினைத்தேன். வேன் நாலு பள்ளிக்குச் சுற்றிப் பிள்ளையை வீட்டில் விட இரண்டு மணி நேரம் ஆகிறது என்று பிறகுதான் தெரிந்தது. இந்தத் தாள் இல்லாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். இருபது நிமிஷ வேலை.

செய்கை மாறுகிறதா? தகவல் தெரிந்துகொள்வது வேறு, சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்து செய்வது வேறு. “குழந்தையோடு பேசுங்கள்” என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

நம் நேரம் எவ்வளவு போகிறது? கிரேடு ஆர் ஆசிரியைகளில் பலர் நிரந்தர வேலையில் இல்லை. பள்ளி தருகிற ஒரு மணி நேரம் மூன்றாகும்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் காசு தரப்போவதில்லை.

வீட்டுக்கு என்ன செலவு? நமக்குக் கண்ணில் படாத செலவு இதுதான்.

யாரையாவது கூச வைக்கிறதா? படிக்கத் தெரியாத ஆயா, இங்கிலீஷில் தடுமாறும் ஜுலு அம்மா, வாடகை வீட்டின் பின்னறையில் குடியிருக்கும் குடும்பம். ஒரு தடவை கூசிப்போனவர் மறுபடி வரமாட்டார். எதற்கும் வரமாட்டார்.

## வாட்ஸ்அப் குரூப்

பத்து நிமிஷத்தில் தொடங்கிவிடலாம். பள்ளிக்கு ஒரு காசு செலவில்லை. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் அப்பாவையும், ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் அம்மாவையும் இதைப்போல் எட்டிப்பிடிக்க வேறு வழியில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது எங்களுக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

ஆனால் முதல் கேள்வியிலேயே இடறுகிறது. போன் அம்மா கையில், அம்மா வேலையில். பிள்ளையோடு இருக்கும் ஆயாவிடம் பட்டன் போன். நான் காலை பத்து மணிக்கு அனுப்பும் விளையாட்டுக் குறிப்பை அம்மா பஸ்ஸில் பார்த்துக் கட்டைவிரல் போடுகிறார். அதோடு முடிந்தது. அந்தக் கட்டைவிரல்களை எண்ணிப் பார்த்து நான் ஒரு வருஷம் சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறைந்த செலவுகளைப் பார்ப்போம். வீடியோ அனுப்பினால் பெற்றோரின் டேட்டா தீர்கிறது. மாதக் கடைசியில் டேட்டா வாங்குவதா, ரொட்டி வாங்குவதா என்று யோசிக்கிற வீடுகள் நம் வகுப்பிலேயே உண்டு. அப்புறம் நம் ராத்திரிகள் போகும். “மேம், ஜெர்சி காணோம்”, “மேம், நாளைக்கு சிவப்புச் சட்டையா?” என்று பதினோரு மணிக்கு வரும். ஒரு பிள்ளை பெயரை அழகாக எழுதிய படத்தை அதன் அம்மா போட்டால், மறுநாள் காலையில் மூன்று அம்மாக்கள் தங்கள் பிள்ளையைத் திட்டிவிட்டு வருவார்கள். ஐந்து வயதில் பென்சிலைச் சரியாகப் பிடிப்பதே பெரிய காரியம், ஆனால் குரூப்பில் யார் கேட்கிறார்கள்?

சட்டமும் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லாரும் போபியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ளது. பிள்ளையின் படத்தையோ விவரத்தையோ பகிர்வதற்கு முன் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பள்ளியில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நான் இப்போது வைத்திருக்கும் விதம் இது. ஆசிரியை மட்டுமே எழுதக்கூடிய குரூப். வாரத்துக்கு ஒரே ஒரு குரல் பதிவு, ஒரு நிமிஷத்துக்குள். குரல் பதிவுக்கு டேட்டா அதிகம் போகாது, படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம், ராத்திரி ஆயாவின் காதருகே போனை வைத்துப் போட்டுக்காட்டலாம்.

## சனிக்கிழமைப் பட்டறை

நன்றாக நடந்தால் இதற்கு இணை இல்லை. நன்றாக நடப்பதுதான் அபூர்வம்.

கேப்டவுன் பக்கம் கயெலிட்ஷாவில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதில் எனக்குக் கண் திறந்தது. பதினான்கு முதல் பதினாறு மாதக் குழந்தைகளின் தாய்மாருக்கு, படப்புத்தகத்தை வைத்துக் குழந்தையோடு பேசுவது எப்படி என்று எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஏழைக் குடியிருப்பு. பயிற்சி பெற்ற வீட்டுக் குழந்தைகளின் மொழியும் கவனமும் மற்றக் குழந்தைகளைவிடத் தெளிவாக முன்னேறின. கைக்குழந்தைகளிடம் கிடைத்த பலனை ஐந்து வயதுக்காரரிடம் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் எட்டு வாரம் என்பதைக் கவனியுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஹாலில் நாற்காலி போட்டு, ஒருவர் ஸ்லைடு காட்டி, கடைசியில் சமோசா கொடுத்து அனுப்புவது பட்டறை இல்லை. அது கூட்டம்.

பட்டறையில் நடக்க வேண்டியது மிகச் சின்ன விஷயம். ஒரு புத்தகத்தைத் திறந்து, “இது என்ன நிறம்? இது என்ன மிருகம்?” என்று பரீட்சை வைப்பதற்கும், “ஐயோ, இந்த நாய் ஏன் ஓடுகிறது? அடுத்த பக்கத்தில் என்ன ஆகும் சொல்லு?” என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரியவர் தன் வாயால் செய்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்டும் கூட்டாளிகளும் 1988-இல் சோதித்துக் காட்டிய முறை. பிள்ளை கதை சொல்ல வேண்டும், பெரியவர் கேட்க வேண்டும், பிள்ளை சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். “நாய் ஓடுது” என்றால் “ஆமாம், பெரிய நாய் பயந்து ஓடுது.” அவ்வளவுதான். கேட்டால் எளிது. செய்யும்போது பத்தில் எட்டுப் பேர் இரண்டாம் நிமிஷத்திலேயே “இது எத்தனை? எண்ணு!” என்று திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே திருத்தினால்தான் மாறும். அதனால் ஒரு தடவைக்கு எட்டு, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்.

இனி செலவு. 2025 மார்ச்சில் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ரேண்ட் 79 சென்ட்டாக இருந்தது. சனிக்கிழமை காலை கடை வேலையை விட்டுவிட்டு நாலு மணி நேரம் ஒதுக்கும் ஓர் அம்மாவுக்கு அந்தக் கணக்கிலேயே 115 ரேண்ட் போகிறது. அதன்மேல் டாக்ஸிக் காசு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஏதாவது. நாம் “இலவசப் பட்டறை” என்று நோட்டீஸ் அடிக்கிறோம்! யார் வருகிறார்கள் என்று பார்த்தால், ஏற்கெனவே பிள்ளைக்கு ராத்திரி கதை சொல்லும் வீடுகள்தான். வர வேண்டியவர்கள் வருவதில்லை.

தேதியும் பார்க்க வேண்டும். மூன்றாம் டெர்மின் கடைசியில் நான் ஒரு தொடர் வைத்தேன். புரட்டாசி. சனிக்கிழமைகளில் பாதி வீடுகளில் பூஜை, படையல். வந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஜுலு அம்மாக்கள், மூன்றாமவர் எங்கள் கேர்டேக்கரின் மனைவி. தமிழச்சியாக இருந்துகொண்டு புரட்டாசியை மறந்தேன் என்று என் மாமியார் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

சனிக்கிழமைக்குப் பதில் வாரநாளில் பள்ளி விடும் நேரத்தில் நாற்பது நிமிஷம், நாலு வாரம் தொடர்ந்து வைத்துப் பாருங்கள். ஆயாக்கள் வருவார்கள், ஏனென்றால் நடந்து வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் அவர்கள்தான். பிள்ளையும் பக்கத்தில் இருக்கும், கற்றதை அங்கேயே செய்து பார்க்கலாம்.

## வீட்டுக்குப் போவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளைக்கும் இதைச் செய்ய முடியாது. யாரும் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள்.

வீட்டுக்குப் போவதன் பலனுக்கு உலகம் முழுக்கக் காட்டும் சான்று ஜமைக்காவிலிருந்து வந்தது. கிங்ஸ்டனில் 1980-களின் பிற்பாதியில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குச் செய்து காட்டினார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். இந்த எண்ணைக் காட்டிச் சில பள்ளிகள் ஆசிரியையை டெர்முக்கு ஒரு தடவை வீட்டுக்கு அனுப்புகின்றன. அங்கே வாராவாரம் போனார்கள், இரண்டு வருடம் போனார்கள். டெர்முக்கு ஒரு தடவை போவது விருந்தாளியாகப் போவது. நாம் வருகிறோம் என்று தெரிந்தால் வீட்டைத் துடைத்து, கடனுக்குக் கேக் வாங்கி வைப்பார்கள். தேநீர் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம், முப்பது பிள்ளைகளுக்கு நாற்பத்தைந்து மணி நேரம். பெட்ரோல் தனி. இருட்டிய பிறகு தனியாகப் போவது எந்தப் பகுதியிலும் புத்திசாலித்தனம் இல்லை. போனால் இரண்டு பேராக, வெளிச்சம் இருக்கும்போது.

ஆனாலும் வருஷத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இதுதான் வழி. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, திடீரென்று வருவது நின்ற பிள்ளை, வாசல் தாண்ட முடியாத ஆயாவிடம் வளரும் பிள்ளை. பள்ளியில் ஒரு வருஷம் ஊமைபோல் இருந்த ஒரு பையன் தன் வீட்டுக் கோழிக்கூண்டு முன்னால் நின்று என்னிடம் கால் மணி நேரம் பேசினான். அந்தக் கோழிகளைத்தான் பிறகு வகுப்புக்குள் கொண்டுவந்தேன், படமாக.

## புத்தகப் பை

வெள்ளிக்கிழமை ஒரு துணிப்பை வீட்டுக்குப் போகும், செவ்வாய்க்கிழமை திரும்பும். உள்ளே ஒரு படப்புத்தகம், கையில் பிடித்து விளையாட ஒரு பொருள், மூன்று கேள்வி எழுதிய ஓர் அட்டை. அட்டையில் எழுத்தோடு படமும் இருக்கும், படிக்கத் தெரியாதவருக்கும் புரிய.

யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் கைக்கு இது போகிறது. பிள்ளையே தபால்காரன். “ஆயா, இதைப் பாரு” என்று மடியில் வைத்து நச்சரிப்பதை எந்த வாட்ஸ்அப்பும் செய்யாது. யாரும் லீவு போட வேண்டாம், டாக்ஸி ஏற வேண்டாம், இங்கிலீஷ் பேச வேண்டாம்.

புத்தகத்துக்குச் செலவு நினைத்த அளவு இல்லை. புக் டேஷ் என்ற இங்கத்திய அமைப்பு 2014 முதல் படப்புத்தகங்களை யாரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளியிடுகிறது. ஜுலு உட்பட நாட்டின் மொழிகளிலும் கிடைக்கின்றன. 2012-இல் தொடங்கிய நலிபாலி வாசிப்பு இயக்கமும் கதைகளை இலவசமாகத் தருகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே நிறைய உண்டு. இறக்குவது இலவசம், அச்சிடுவதும் லேமினேட் செய்வதும் இலவசமில்லை. இரண்டாயிரம் ரேண்டில் பெரும்பங்கு அதற்குத்தான் போகும். பைக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை. கோயில் சமையலுக்கு வரும் ஓர் ஆண்ட்டி பழைய புடவைகளில் தைத்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்குத் தன் பை எது என்று நிறத்திலேயே தெரியும்.

“பொருள்” என்று சொன்னேனே, அதற்கு விளையாட்டுக் கடைக்குப் போக வேண்டாம். பாட்டில் மூடி இருபது, நூல் கோத்த பட்டன், ஐந்து கூழாங்கல். ஒரு வாரம் பையில் வெறும் பருப்பு வைத்து அனுப்பினேன், இரண்டு நிறம் கலந்து. அட்டையில் “ஆயாவோடு சேர்ந்து பிரி” என்று மட்டும். பிரிப்பது, எண்ணுவது, எது அதிகம் என்று பார்ப்பது, எல்லாம் கணக்குப் பாடத்தில் உள்ளவை. ஓர் ஆயா திங்களன்று வாசலில் பிடித்துக்கொண்டார். “மேம், இதெல்லாமா படிப்பு? இதை நான் தினமும் செய்கிறேனே!” ஆமாம் ஆயா, இனிமேல் பிள்ளையை அடுப்படியிலிருந்து விரட்டாதீர்கள் என்றேன். பட்டறைக்கு அவர் ஒருநாளும் வந்திருக்க மாட்டார்.

இனி குறைகள். புத்தகம் தொலையும். முதல் வருஷம் ஏழு திரும்பவில்லை. தம்பி கிழித்தது, மழையில் நனைந்தது, அப்பா வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. மறு வருஷம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், தொலைத்தால் இருபது ரேண்ட் அபராதம் என்று சொல்லிவிட்டேன். தொலைவது நின்றது. ஆனால் பைகள் மிகவும் சுத்தமாக வந்தன. மடிப்புக் கலையவில்லை. விசாரித்தால், பிள்ளை கை படக்கூடாது என்று அலமாரி மேல் வைத்திருக்கிறார்கள்! வெள்ளி முதல் செவ்வாய் வரை பத்திரமாக மேலே. அபராதத்தை எடுத்தேன். இப்போது மஞ்சள் கறையோடு திரும்பும் புத்தகம்தான் எனக்குப் பிடித்தது. சமையல் நடக்கும்போது யாரோ திறந்திருக்கிறார்கள்.

இன்னொரு குறை: வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. கையெழுத்துப் போட ஒரு தாள் வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வைக்காதீர்கள். எழுதத் தெரியாத ஆயாவை அது கூச வைக்கும், எழுதத் தெரிந்தவர் திறக்காமலே கையெழுத்துப் போடுவார். அதற்குப் பதில் செவ்வாய் காலை வட்டத்தில் உட்கார்ந்து பிள்ளையையே கேளுங்கள், “ஆயா என்ன சொன்னாங்க?” கதை வந்தால் திறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இதில் பொய் சொல்வதில்லை, சொன்னாலும் நன்றாகச் சொல்வார்கள், அதுவும் மொழிதானே.

நேரம்: தொடங்கும்போது மூன்று நாள் வேலை. பிறகு வாரம் ஒரு மணி நேரத்துக்குள், பைகளைச் சரிபார்த்து மாற்றிப்போட.

## ஒரே பார்வையில்

| கேள்வி | வாட்ஸ்அப் | பட்டறை | வீட்டுக்குப் போவது | புத்தகப் பை |
|---|---|---|---|---|
| யாரை எட்டுகிறது | போன் வைத்திருப்பவரை | நேரம் உள்ளவரை | வீட்டில் இருக்கும் எல்லாரையும் | சாயங்காலம் பிள்ளையோடு இருப்பவரை |
| செய்கை மாறுமா | அரிது | நாலு வாரமாவது நடந்தால் மாறும் | வாராவாரம் போனால் மாறும் | மெதுவாக, பட்டறையோடு சேர்ந்தால் வேகமாக |
| ஆசிரியையின் நேரம் | குறைவுபோல் தெரியும், ராத்திரியைத் தின்னும் | தொடருக்கு வாரம் மூன்று மணி | வீட்டுக்கு ஒன்றரை மணி | முதலில் மூன்று நாள், பிறகு வாரம் ஒரு மணி |
| வீட்டின் மறைந்த செலவு | டேட்டா, ஒப்பீடு | கூலி, டாக்ஸி | உபசாரம் | தொலைக்கும் பயம் |
| கூச்சம் | நடுத்தரம் | அதிகம், குழு பெரிதானால் | அதிகம் | குறைவு |

## எந்த மொழியில்?

இந்தக் கேள்வி நாலு வழிக்கும் பொது. நம் அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1860 நவம்பரில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து டர்பனில் கரையிறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ். அதனால் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் பையில் வைத்தால் ஆசை நமக்கு, சங்கடம் வீட்டுக்கு. திறந்து பார்த்துவிட்டு “எனக்குப் படிக்கத் தெரியாதே” என்று ஆயா மூடிவிடுவார்.

நான் செய்வது: எழுத்தே இல்லாத படப்புத்தகத்தை மாதம் இரண்டு தடவை வைக்கிறேன். அட்டையில் “உங்கள் வாயில் எந்த மொழி வருகிறதோ அதில் கதை சொல்லுங்கள்” என்ற வரி. ஜுலு வீட்டில் ஜுலு வரும், எங்கள் வீடுகளில் இங்கிலீஷுக்கு நடுவே பழம், சாமி, கறி, பாட்டு என்று தமிழ் வரும். ஓர் ஆயா, தன் அம்மா சொன்ன நரிக் கதையை அறுபது வருஷத்துக்குப் பிறகு நினைவுபடுத்திச் சொன்னாராம். பிள்ளை வந்து வகுப்பில் “நரி” என்றே சொன்னது. பக்கத்தில் இருந்த ஜுலுப் பையன் தன் மொழியில் அதற்குப் பெயர் சொன்னான். அன்றைக்கு அதுதான் பாடம்.

## அப்போது எதை எடுப்பது?

வந்த இளம் ஆசிரியைக்கு நான் சொன்னது பை. வாரம் ஒரு மணி நேரமும் இரண்டாயிரம் ரேண்டும் சரியாக அதற்குத்தான் போதும். இரண்டாம் டெர்மில் நாலு வாரம், பள்ளி விடும் நேரத்தில் நாற்பது நிமிஷப் பட்டறை. பையில் இருக்கும் அதே புத்தகங்களை வைத்து.

உங்கள் துண்டுத்தாள் வேறு பதில் சொன்னால் வேறு முடிவெடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சாயங்காலம் அம்மா இருக்கிறார், வேலை வாரநாளில் மட்டும் என்றால் பட்டறையை முதலில் வையுங்கள், பை பிறகு வரட்டும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஆஃப்டர்கேரில் இருக்கிறார்கள் என்றால் பைக்கு அலைய வேண்டாம், அந்த ஆண்ட்டியோடு உட்கார்ந்து நாலு புத்தகத்தைப் பேசிப் பழகுங்கள். பெற்றோர் பலர் வெளியூரில் என்றால் குரல் பதிவு. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான், நீங்கள் அதே தெருவில் குடியிருப்பவர் என்றால் வீட்டுக்குப் போவதும் நடக்கும், நான் மேலே சொன்ன மிரட்டலை அவ்வளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதையும் ஒரு முழு வருஷம் செய்ய முடியாது என்று தெரிந்தால் தொடங்காமல் இருப்பது நல்லது. இரண்டாம் டெர்மில் நின்றுபோன பையைப் பற்றிப் பிள்ளைகள் நாலாம் டெர்ம் வரை கேட்பார்கள்.

டிரான்ஸ்போர்ட் அங்கிளை விட்டுவிட்டேனே. வண்டி ஓட்டுகிறவர் கையில் புத்தகம் கொடுக்க முடியாது. அவருக்கு ஒரு சின்ன அட்டைக் கட்டு செய்து கொடுத்தேன், வாரத்துக்கு ஐந்து விடுகதை. டாஷ்போர்டில் செருகி வைத்திருக்கிறார். போன வாரம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார், “மேம், இந்த வாரத்து அட்டை எங்கே? போன வாரத்ததை எல்லாம் பின்சீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்!”